தேவிக்கு நான் கொடுத்த எண்ணெய்

எண்ணெய்க் கடைக்காரனுக்குப் பெண் கொடுக்கும்போது உங்கள் அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், மச்சான். "மாப்பிள்ளை, சட்டையில இருக்கிற கறை துவைச்சா போவுமா?" என்றார். அன்று நான் புது டெரிலின் சட்டை போட்டிருந்தேன். அதிலும் எப்படியோ ஒரு சொட்டு விழுந்திருந்தது. போகும் என்று சொன்னேன். பொய்தான், ஆனால் நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய். கதவுக்குப் பின்னால் தேவி சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு பொய் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

உட்காருங்கள். மோர் குடியுங்கள். இந்த வெயிலில் மெட்ராஸிலிருந்து பஸ் பிடித்து வந்து, சுங்குவார்சத்திரத்தில் இறங்கினதும் இறங்காததுமாக, "மாப்ளே, தேவி எண்ணெயில இன்னா கலந்தீங்க?" என்று கேட்கிறீர்கள். மில் ஓடுகிற சத்தத்தில் வேலைக்காரப் பெண்கள் காதில் விழுந்திருக்காது என்று நம்புகிறேன். நீங்கள் பெயிண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். என்றைக்காவது ஒரு நாள் உங்கள் மூக்கு கண்டுபிடிக்கும் என்று நானும் எதிர்பார்த்தேன். மறைக்கப்போவதில்லை. ஆனால் நடுவிலிருந்து சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று, நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த நேரத்தில் அவள் கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்துப் படம் வரைந்திருக்கிறாள். இது உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்கே காட்டினாள். பென்சில் படம். காது மட்டும் முறம்போல இருந்தது.

"என் காது இவ்ளோ பெரிசா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு எங்க அப்பா பேசறத அவ்ளோ பயபக்தியா கேட்டுக்கினு இருந்தீங்க. காது வளர்ந்துடுச்சு" என்றாள்.

அப்படித்தான் இருந்தது எங்கள் குடித்தனம். காஞ்சிபுரத்துச் சொந்தக்காரர்கள் எங்கள் பெயரைக் கேட்டதுமே கையெடுத்துக் கும்பிடுவார்கள். வரதராஜுலுவும் பெருந்தேவியும் ஒரே வீட்டில். வரதர் கருடன்மேல் ஏறி ஊர் சுற்றி வருவார். தாயார் மட்டும் கோயில் வாசலைத் தாண்டி வீதிக்கு வருவதில்லை என்று சொல்வார்கள் அல்லவா, அதை வைத்து நான் தேவியைக் கிண்டல் செய்வேன். "அவங்களுக்கு வர இஷ்டமில்லியா, யாருனா வாசல்ல வழிய மறிச்சு உக்காந்துக்கினு கீறாங்களா?" என்று கேட்பாள். படித்த பெண். எதற்கும் பதில் வைத்திருப்பாள்.

மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு சமையலறையில் பூட்டிவைத்தான் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. மில்லுக்குப் பின்னால் கடலை மூட்டை அடுக்குகிற கொட்டகையில் பாதியைக் காலி செய்து கொடுத்தேன். மேலே கண்ணாடி ஓடு பதித்துக் கொடுத்தேன், வெளிச்சத்துக்கு. வண்ணப் பொடி மெட்ராஸிலிருந்து வரும். அதைக் குழைக்க ஆளிவிதை எண்ணெய் வேண்டும் என்றாள். எண்ணெய்க் கடைக்காரன் பெண்டாட்டி வெளியில் எண்ணெய் வாங்கினால் கடையின் மானம் என்ன ஆவது? விதையை வரவழைத்து நானே ஆட்டி, வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, தனி டின்னில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் மாங்காய் வரைந்தாள், மில் மாடு வரைந்தாள், வல்லத்திலிருந்து கடலை மூட்டை ஏற்றிவரும் வண்டிகளை வரைந்தாள். எல்லாம் நன்றாகக் காய்ந்தன. கூடத்தில் மாட்டியிருக்கிறது பாருங்கள், அந்த மாடு. தொட்டுப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். என் எண்ணெய் அப்படி.

குழந்தை பிறந்தபின்தான் அவள் தன்னையே வரைய ஆரம்பித்தாள்.

ஆள் உயரக் கண்ணாடி ஒன்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன், தலைப்பிரசவம் முடிந்து அவள் வந்தபோது. புடவை கட்டிப் பார்ப்பதற்கு என்று நினைத்து வாங்கினேன். அவள் அதைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய்விட்டாள். கொஞ்ச நாள் உள்ளே யாரையும் விடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பெரிய படம். ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் துணி இல்லை. தொங்கின வயிறு, வயிற்றில் வெடிப்பு வெடிப்பாகத் தழும்பு, பால் கட்டின மார்பு, கனத்த தொடை. அந்த வயிற்றைத் தானே ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் காய்கறி எடுத்துப் பார்ப்பதுபோல. அசிங்கமாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். நல்ல படம். அதனால்தான் எனக்குச் சங்கடம். என் பெண்டாட்டியை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை.

"யார் இது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"எனக்குத் தெரிஞ்ச தேவி மாதிரி இல்லியே."

"எனக்கும் இப்பதான் தெரியுது" என்றாள். "மத்தவங்க வரைஞ்ச பொம்பளை உடம்பெல்லாம் யாரோ வந்து பார்க்கறதுக்காகக் காத்துக்கினு நிக்குது. இது யாருக்காகவும் நிக்கல. அதும்பாட்டுக்கு இருக்குது."

நான் எவ்வளவு நேரம் பார்த்தும் அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. படம்தானே, எப்படிப் பார்க்கும் என்பீர்கள். மாடு பார்க்கிறது, மச்சான். கூடத்தில் எந்த மூலையில் நின்றாலும் அந்த மாடு என்னைத்தான் பார்க்கிறது.

அதன்பின் அதே மாதிரி நிறைய வரைந்தாள். முதுகு, குழந்தை கடித்த மார்பு, குந்தி உட்கார்ந்த உடம்பு. அவளோடு படித்த ராஜாமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். குட்டையாக முடி வெட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்தான். எல்லாவற்றையும் கிட்டப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காபியை ஆறவிட்டுவிட்டாள். பிறகு, "தேவி, இது எல்லாத்தையும் மெட்ராஸ்ல கண்காட்சியா வைக்கணும். நான் ஏற்பாடு பண்றேன். நீயும் வந்து ரெண்டு மாசம் என்னோட தங்கு. அங்க உன்னைமாதிரி வேலை செய்றவங்க கீறாங்க" என்றாள்.

தேவி என் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்க ஆசை. போகட்டுமா என்று கேட்கவில்லை, கவனியுங்கள். "காய்ஞ்சதும் அனுப்பணும்" என்றாள். அவ்வளவுதான்.

உங்கள் பெரியப்பாவாக இருந்திருந்தால் கத்தியிருப்பார். படத்தைக் கிழித்திருப்பார். நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. லாரிக்குக்கூட நாகப்பனிடம் சொல்லிவைத்தேன். அவள் போகக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. காய்ந்ததும் போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

எண்ணெயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து தோலாகும். கடலை எண்ணெய் சோம்பேறி. விளக்கெண்ணெய் இருக்கிறதே, அது ஜென்மத்துக்கும் காயாது. அடுத்த டின்னில் விளக்கெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே கலந்தேன். கெட்டியாக இருக்கிறதே என்றாள். இன்னும் கொஞ்ச நாள் வெயிலில் வைத்தது, உசத்தி ரகம் என்றேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள். ஏற்கெனவே வரைந்த படங்களுக்கும் அதையே தொட்டு மேல்பூச்சுக் கொடுத்தாள்.

எங்கள் கடையில் கலப்படம் கிடையாது என்று இந்த ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெளியாளுக்கு ஒரு சொட்டுக்கூட நான் கலந்து விற்றதில்லை. இது வீட்டுக்குள் நடந்த விஷயம்.

படங்கள் காயவில்லை. காலையில் எழுந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் விரலால் தொட்டுப் பார்ப்பாள். விரலில் வண்ணம் வரும். மின்விசிறி வைத்தாள். மொட்டை மாடியில் வெயிலில் வைத்தாள். மழையாலா, பனியாலா என்று கேட்டாள். செம்பரம்பாக்கத்து ஏரிக் காற்று ஈரம் என்று நான் சொன்னேன். அந்தக் காற்று இங்கே வரவேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறித்தான் வரவேண்டும். ஆனாலும் நம்பினாள். நான் சொன்னால் நம்புவாள், அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது.

மில்லிலிருந்து கடலைத் தொலி பறக்கும் அல்லவா, அந்தச் சிவப்புத் தொலி, அது போய் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படத்திலிருந்த வயிறெல்லாம் தொலி. ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சண்டை சச்சரவு இல்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்வது எவ்வளவு பேருக்கு வாய்க்கிறது?

கண்காட்சிக்கு ராஜாமணி குறித்துச் சொன்ன தேதி நெருங்கியதும் தேவிக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு நாள் கடைக்கே வந்து, வாடிக்கையாளர் இருக்கும்போதே என்னிடம் கையை நீட்டினாள். "நீங்க எண்ணெய் தெரிஞ்சவரு. மாடு காய்ஞ்சுது. மாங்கா காய்ஞ்சுது. என்னை வரைஞ்சா மட்டும் காய மாட்டேங்குது. என் கையில இன்னா தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. வெயிலில் நடந்து வந்தால் எல்லார் கையும் சூடாகத்தான் இருக்கும். "சூட்டு உடம்பு, தேவி. பிள்ளை பெத்த உடம்புச் சூடு இன்னும் இறங்கல. கை வழியா வண்ணத்துல ஏறுது" என்றேன். வாடிக்கையாளர் அப்பாவு முதலியாரும், "ஆமாம்மா, உடம்புச் சூட்டுக்குப் பால்கூடத் திரிஞ்சு போவும்" என்று ஒத்து ஊதினார். அவருக்கு எந்த விஷயத்திலும் ஒரு கருத்து உண்டு.

சூட்டுக்கு என்ன வைத்தியம்? தொப்புளிலும் உள்ளங்காலிலும் விளக்கெண்ணெய். நானே என் கையால் வைத்துவிட்டேன். அவள் எண்ணெயில் கலந்த அதே டின்தான். தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் படுத்துக்கொள்வாள், நான் உள்ளங்காலில் தேய்த்துவிடுவேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு ஒட்டுதலாக இருந்ததில்லை. ஒரு நாள் தொப்புளிலிருந்து எண்ணெயை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது ரொம்பப் பழக்கமான வழவழப்பா இருக்குது" என்றாள். என் கையைத்தான் சொல்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கன்னியம்மா விஷயத்துக்கு நான் பொறுப்பில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலை உடைக்க வருகிறவள் கொட்டகைப் பக்கம் கோணி எடுக்கப் போயிருக்கிறாள். பெரிய படத்தைப் பார்த்திருக்கிறாள். வண்ணம் ஈரத்தில் மினுமினுத்து, வயிற்று மடிப்பில் ஒரு சொட்டு இறங்கியிருக்கிறது. ஓடிவந்தாள்.

"மொதலாளி, படத்துல அம்மாளுக்கு வேர்க்குது" என்றாள்.

"எண்ணெய்தான், போய் வேலையப் பாரு."

"எண்ணெய் எப்டி மொதலாளி வவுத்துல மட்டும் வேர்க்கும்? ஆத்தா வந்து குந்திக்கினு கீறா. நீங்க இன்னா, வேப்பிலகூட வெக்காம."

அடுத்த வெள்ளிக்கிழமை பத்துப் பெண்கள் வேப்பிலையோடு வந்தார்கள். துணியில்லாமல் அம்மனை விடலாமா என்று ஒருத்தி மஞ்சள் புடவை கொண்டுவந்து படத்துக்குச் சுற்றினாள். விளக்கேற்ற எண்ணெய் என் கடையிலிருந்துதான் கொடுத்தேன். விளக்குக்கு விளக்கெண்ணெயைப் போல் எதுவும் வராது. தேவி ஓரமாகக் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். முதல் வெள்ளிக்கிழமை அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஓவியர் ஆகணும்னு பார்த்தேன், அம்மனாயிட்டேன்" என்றாள். ஒரு கிழவி அவளையே தள்ளி நிற்கச் சொன்னாள், அம்மன்மேல் நிழல் விழுகிறதாம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளில் அவள் சிரிக்கவில்லை. புடவையை எடுத்துப் பார்த்தால், படத்தின் வயிற்றில் நூல் நூலாக ஒட்டியிருந்தது. தழும்பு எது, நூல் எது என்று தெரியவில்லை.

கலப்பதை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ராஜாமணி சொன்ன தேதி தாண்டியதும் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தேவி மறுபடியும் மாங்காய் வரைய உட்கார்ந்தாள், கை சரியாகிவிட்டதா என்று பார்க்க. மாங்காய் காய்ந்துவிட்டால் சந்தேகம் வருமே. அதிலும் கலந்தேன். மாங்காயும் காயவில்லை. அன்றைக்கு அவள் அழவில்லை. அரிவாள்மணையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "அப்போ படத்துல ஒண்ணும் தப்பில்ல. நான்தான் கெட்டுப்போய்ட்டேன்" என்றாள். கொட்டகையைப் பூட்டினாள். அதன்பின் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். சீயக்காய் போட்டு, சாம்பல் போட்டு. தோல் உரிந்துபோனது. குழந்தையைத் தொட யோசித்தாள். அதற்கும் நான் எண்ணெய் தடவிவிட்டேன்.

எனக்கு மனசே சரியில்லை, மச்சான். ஆனால் வீட்டில் இருந்தாளே. நான் கடையை மூடிவிட்டு உள்ளே போனால் அங்கே இருந்தாள். குரல் கொடுத்தால் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு புருஷன் இதைவிட அதிகமாக எதற்கு ஆசைப்பட்டான்?

போன மாதத்திலிருந்துதான் கொஞ்சம் தேறினாள். ஒரு நாள் என்னிடம் இரண்டு கிண்ணம் நீட்டி, ஒன்றில் ஆளிவிதை எண்ணெய், ஒன்றில் விளக்கெண்ணெய் கேட்டாள். விதையை நானே ஆட்டித் தெளியவிட்ட சுத்தமான எண்ணெய் அலமாரியில் இருந்தது, ஊற்றிக் கொடுத்தேன். உடைந்த கண்ணாடித் துண்டு இரண்டில் தடவி சமையலறை ஜன்னலில் வைத்தாள். அதோடு, தன் பழைய டின்னிலிருந்தும் ஒரு துண்டில் தடவி வைத்தாள். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். சில நாள் கழித்து என் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொடவைத்தாள். "இது ஒட்டல. இது ஒட்டுது. இதுவும் ஒட்டுது" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை மாதத்துக்கு அப்புறம் அவள் என்னை அப்படிப் பார்க்கிறாள். நான் சிரித்தேன். அவளும் லேசாகச் சிரித்தாள்.

அன்று மாலையே மெட்ராஸில் அண்ணன் வீட்டுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். போய் வா என்றேன். பெரிய படத்தையும் எடுத்துக்கொண்டுபோகிறேன் என்றாள். அம்மனைக் கொண்டுபோய்க் கடலில் விட நினைக்கிறாள் போலிருக்கிறது என்று நானும் தடுக்கவில்லை. நாகப்பன் லாரியில் நிறுத்திவைத்துக் கட்ட நானே ஒரு பக்கம் பிடித்தேன். அந்த மஞ்சள் புடவையை மடித்துக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டாள். ஏதாவது போட்டு மூடு தேவி, மெயின் ரோட்டில் போகிறது என்று சொன்னேன். "ஈரமா இருக்குதே, துணி போட்டா ஒட்டிக்கும்" என்றாள். நியாயம்தானே, நான் என்ன சொல்ல முடியும். படம் வெளிப்பக்கம் பார்த்தபடி போனது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தேவி குழந்தையோடு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது அல்லவா.

துணிப்பெட்டி இரண்டையும் எடுத்துப் போயிருக்கிறாள். கண்ணாடித் துண்டுகளைக்கூடக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள். குழந்தைக்கு விளையாட என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நீங்கள் மோரைத் தொடவே இல்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டீர்கள். நான் மறைக்கவில்லை. என் கையால் கலந்தேன், அவள் தன் கைதான் கெட்டது என்று நம்பும்வரை கலந்தேன், நம்பினபிறகும் கலந்தேன். இவ்வளவும் அவள்மேல் இருக்கிற பிரியத்தால்தான். பிரியம் இல்லாதவன் இவ்வளவு மெனக்கெடுவானா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ராஜாமணி வந்துபோகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் காதில் இதைப் போடாதீர்கள். தேவியிடமும் சொல்லாதீர்கள், தாங்கமாட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுவாள், பாருங்கள், என்னை விட்டு அவளுக்கு இருக்கத் தெரியாது. நீங்களாகச் சொன்னால் ஒழிய அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? பாவம், எண்ணெயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.